பாதி நாளுக்கு மட்டுமான சரணாலயம்: தாணே கழி – ஒரு நிகழ்வு ஆய்வு

மும்பைக்கும் நவி மும்பைக்கும் இடையில் கிடக்கும் தாணே கழி ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுள்ளது. வடக்கே தாணே நகரத்தருகே உல்லாஸ் ஆற்றோடு ஒடுங்கிய தொடர்பு கொண்டிருக்கும் இக்கழி, தெற்கே போகப்போக அகன்று மும்பைத் துறைமுகத்தின் நீர்ப்பரப்பில் கலக்கிறது. இதன் மேற்குக் கரையை ஒட்டி, ஐரோலிப் பாலத்துக்கும் வாஷிப் பாலத்துக்கும் நடுவே சுமார் 1,690 ஹெக்டேர் பரப்பை மகாராஷ்டிர அரசு 2015 ஆகஸ்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. அதில் 896 ஹெக்டேர் அலையாத்திக் காடு, 794 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. மால்வணுக்கு அடுத்தபடியாக அம்மாநிலத்தின் இரண்டாவது கடல்சார் சரணாலயம் இதுவே. சுற்றியுள்ள சூழல் உணர்வு மண்டலத்தையும் சேர்த்து 6,521 ஹெக்டேர் பரப்புக்கு 2022இல், பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் ராம்சர் தகுதியும் கிடைத்தது.

தாளில் பார்த்தால் இந்தியாவின் வேறெந்தப் பெருநகரக் கழிக்கும் எளிதில் வாய்க்காத பாதுகாப்பு இது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கடலோர ஒழுங்குமுறை விதிகள், அலையாத்தி குறித்த உயர்நீதிமன்றத் தீர்ப்பு, பன்னாட்டு உடன்படிக்கை ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. இருந்தும் 2024ஆம் ஆண்டின் முதற்பாதியில் நவி மும்பையின் நெருல் பகுதியில் பூநாரைகள் தெருவில் இறங்கி நின்றன. சில அடிபட்டு இறந்தன. அதே ஆண்டு மே மாதத்தில் காட்கோபர் குடியிருப்புகளின் மேல் ஒரே இரவில் 39 பறவைகளின் உடல்கள் விழுந்தன. இவ்வளவு பாதுகாப்புள்ள இடத்தில் இது எப்படி நடந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. சரணாலயத்தின் எல்லை, கடல்நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் மேயும் இடத்தைச் சுற்றி வரையப்பட்டது; நீர் ஏறியிருக்கும்போது அவை போய் நிற்கும் இடங்கள் அந்த எல்லைக்கு வெளியே விடப்பட்டன. கிடைக்கும் தகவல்களை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் எனக்குத் தெரியும் விடை இதுதான்.

கழியும் ஓதமும்

மாங்குர்டிலிருந்து வாஷிக்குப் போகும் ஹார்பர் லைன் ரயிலில் அன்றாடம் பயணம் செய்யும் நம்மவர்கள் பலருக்கும் இந்தக் கழியைத் தெரியும். ஆனால் காலை ரயிலில் பார்த்த கழியும் மாலை ரயிலில் பார்க்கும் கழியும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நீர் ஏறியிருக்கும் நேரத்தில் கரை முதல் கரை வரை தகடு போலத் தண்ணீர் நிற்கும். அலையாத்தி மரங்களின் தலைகள் மட்டும் வெளியே தெரியும். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் சாம்பல் நிறச் சேறு பளபளத்துக்கொண்டு கிடக்கும். நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் ஆழநீர் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பைக் கடலில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குவது வழக்கம். சரிவு மிகக் குறைந்த இந்தக் கழியில் அந்த நான்கு மீட்டர் வேறுபாடு, பல நூறு ஹெக்டேர் சேற்றுவெளி நாளுக்கு இருமுறை தோன்றி மறைவதாக வெளிப்படுகிறது.

இந்தச் சேற்றுவெளியே பூநாரைகளின் சோற்றுத்தட்டு. இங்கு வருபவற்றில் பெரும்பாலானவை சிறு பூநாரைகள். பெரும் பூநாரைகள் குறைவு. சிறு பூநாரை தலையைக் கவிழ்த்து, மேல் அலகு தரையைப் பார்க்கும்படி நீரில் வைத்துக்கொண்டு, நாக்கை உந்துதண்டு போல முன்னும் பின்னும் இயக்கி நீரை உள்ளிழுத்து வெளியேற்றும். அலகின் விளிம்பில் நெருக்கமாக அடுக்கப்பட்ட தகடுகள் நீலப்பச்சைப் பாசியையும் டயட்டம் எனப்படும் நுண்பாசிகளையும் வடிகட்டி நிறுத்திக்கொள்ளும். அப்பாசிகளில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளே இறகின் இளஞ்சிவப்புக்குக் காரணம். நீர் முழங்காலளவுக்கு மேல் ஏறிவிட்டால் சிறு பூநாரையால் இப்படி மேய முடியாது. எனவே நீர் ஏறத் தொடங்கியதும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, ஆழம் குறைந்து அலையடிக்காமல் இருக்கும் உள்நிலக் குளங்களையும் உப்பளப் பாத்திகளையும் நாடிச் செல்கின்றன. நீர் வற்றத் தொடங்கியதும் திரும்புகின்றன. இந்தப் போக்குவரத்து ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை, பின்பற்றுவதால் இரவிலும் நடக்கிறது. பின்னால் வரப்போகும் காட்கோபர் நிகழ்வுக்கு இது தேவைப்படும்.

அலையாத்தியின் நிலையையும் இங்கேயே சொல்லிவிடலாம். கழியின் இரு கரைகளிலும் மிகுந்திருப்பது வெண்கண்டல். மராத்தியில் திவர் என்பார்கள். அதனிடையே மராத்தியில் சிப்பி எனப்படும் மரம், சுரபுன்னை, தில்லை, கழுதைமுள்ளி ஆகியவையும் உள்ளன. வெண்கண்டலின் அடியில் பென்சில்களைக் குத்தி நட்டாற்போல் சேற்றிலிருந்து மேல்நோக்கி எழுந்து நிற்பவை மூச்சுவேர்கள். மரம் தான் உறிஞ்சிய உப்பை இலைகளின் வழியாக வெளியேற்றிவிடுவதால், வெயில் நேரத்தில் இலையை விரலால் தடவினால் உப்புத்தூள் ஒட்டும். நெய்தல் நிலப் பாடல்களில் கண்டலையும் கழியையும் படித்த நமக்கு, இந்தக் காட்சி ஊர் மாறினாலும் புதிதாகத் தோன்றாது.

அழுக்கால் வந்த விருந்து

மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய சிவ்ரி சேற்றுவெளியில் பூநாரைகள் பெரும் எண்ணிக்கையில் தென்படத் தொடங்கியது 1990களின் நடுப்பகுதியில்தான். குஜராத்தின் கட்ச் ரண் போன்ற இடங்களில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வந்து மே மாதக் கடைசி வரை தங்கிச் செல்கின்றன. பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் 2018இல் தொடங்கிய நீண்டகால ஆய்வின் பகுதியாக 2019 ஜனவரியில் நடந்த கணக்கெடுப்பில் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

இவ்வளவு பறவைகள் ஏன் இங்கே வந்தன என்ற கேள்விக்குப் பெருமைப்படும்படியான விடை இல்லை. பாண்டுப்பிலும் காட்கோபரிலும் உள்ள கழிவுநீர்க் குளங்களிலிருந்து வரும் நீர் இந்தக் கழியில்தான் சேர்கிறது. 1927 முதல் குப்பை கொட்டப்பட்டுவரும் தேவ்னார் கிடங்கு இதன் ஓரத்தில்தான் இருக்கிறது. கிழக்குக் கரையில் தாணே–பேலாப்பூர் தொழிற்பகுதி 1960களிலிருந்து வேதிப்பொருள், மருந்து, சாயம் ஆகியவற்றின் ஆலைகளோடு வளர்ந்தது. மழைக்காலம் நீங்கலாக நன்னீர் அதிகம் வராத, தலைப்பகுதி ஒடுங்கிய ஒரு கழியில் இவையெல்லாம் வந்து சேரும்போது கடல் அவற்றை விரைவாக வெளியே இழுத்துச் செல்வதில்லை. கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உரமாகின்றன. பாசி பெருகியதும் அதைத் தின்னும் பறவை பெருகுகிறது. நகரத்தின் அழுக்கு பூநாரைக்கு விருந்தானது உண்மை. அதே சேற்றில் கன உலோகங்களும் படிந்திருப்பதும், கோலி மீனவர்கள் முன்பு பிடித்த பல மீன் இனங்கள் குறைந்துபோனதும் அதே அளவு உண்மை. பூநாரை எண்ணிக்கையைக் கழியின் உடல்நலத்துக்குச் சான்றாகக் காட்டும் சுற்றுலா விளம்பரங்களை இந்தக் காரணத்தால் ஏற்க இயலாது.

வண்டல் பற்றி ஒரு செய்தி இங்கே சேர்க்கத் தக்கது. பாலத்தூண்களும் கரையோர நிரப்புகளும் நீரோட்டத்தை மந்தப்படுத்த, கழியின் மேற்பகுதியில் வண்டல் படிந்து மேடாகிறது. மேடான இடத்தில் அலையாத்தி முளைக்கிறது. அலையாத்திப் பரப்பு கூடியது நல்ல செய்தியாகவே நாளிதழ்களில் வருகிறது. ஆனால் கூடிய ஒவ்வொரு ஹெக்டேரும் முன்பு திறந்த சேற்றுவெளியாக இருந்தது; மரம் வந்த இடத்தில் பூநாரை நடக்காது. காட்டையும் சேற்றுவெளியையும் ஒரே கணக்கில் சேர்த்து எழுதும் வழக்கம் இந்த இழப்பைக் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது.

கோடு விழுந்த இடம்

அலையாத்திக்கு வலுவான காப்பு நீதிமன்றத்தின் வழியாக வந்தது. பாம்பே சுற்றுச்சூழல் செயற்குழு தொடுத்த வழக்கில் பாம்பே உயர்நீதிமன்றம் 2005 அக்டோபரில் மகாராஷ்டிரம் முழுவதும் அலையாத்தி அழிப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2018 செப்டம்பரில் அளித்த இறுதித் தீர்ப்பில், அலையாத்தியை அழிப்பது குடிமக்களின் அடிப்படை உரிமைக்கு எதிரானது என்றது. வனத்துறையில் தனி அலையாத்திப் பிரிவு 2012இல் உருவானது. இவற்றின் பயன் கண்கூடு. விக்ரோலியில் ஒரு தொழில் குழுமம் பல பத்தாண்டுகளாகக் காத்துவரும் காட்டையும் இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆனால் நீர் ஏறிய நேரத்தில் பறவைகள் தங்கும் இடங்களில் மரம் இருப்பதில்லை, இருக்கவும் கூடாது. அவை திறந்த, ஆழங்குறைந்த நீர்நிலைகள். பாண்டுப் நீரேற்று நிலையத்தை ஒட்டிய ஈரநிலம், நெருலில் கடல்சார் பயிற்சிக் கல்லூரியை ஒட்டிய டி.எஸ். சாணக்யா ஈரநிலம், அதன் அருகிலுள்ள என்.ஆர்.ஐ. குடியிருப்பு ஈரநிலம், நவி மும்பைக்குத் தெற்கே உரண் பக்கத்தில் பேல்பாடா, பேண்ட்கல், பஞ்சே ஆகிய ஆறையும் சரணாலயத்தின் துணை ஈரநிலங்களாகக் கருதிக் காக்கவேண்டும் என்று பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் பரிந்துரைத்தது. 2022இல் சில பூநாரைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, அவை கழிக்கும் நெருல் ஈரநிலங்களுக்கும் இடையே வந்து போவது வரைபடத்திலேயே தெரிந்தது.

இந்த இடங்கள் ஏன் விடுபட்டன என்பதற்குச் சட்டத்தின் வரையறையில் ஒரு காரணம் உண்டு. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், குடிநீர், மீன் வளர்ப்பு, உப்பு உற்பத்தி, பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றுக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. நவி மும்பை என்பதோ பெரிய அளவில் மனிதர் அமைத்த நிலம். 1970இல் சிட்கோ என்ற அரசு நகரமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டபின், ஏற்றநீரின் மட்டத்துக்குக் கீழே இருந்த நிலங்கள் கரைகட்டி மீட்கப்பட்டன. அங்கே மழைநீரைத் தேக்கிவைக்க டச்சு முறையில் நீர்தாங்கு குளங்கள் வெட்டப்பட்டன; ஊரில் தாரண் தலாவ் என்பார்கள். அவற்றின் வாயில் ஒருபக்கமாகத் திறக்கும் மதகுக் கதவுகள் உண்டு. கடல் ஏறும்போது நீரின் அழுத்தத்தால் கதவு மூடிக்கொள்ளும். வற்றும்போது உள்ளிருக்கும் நீர் தள்ளித் திறந்துகொள்ளும். பழுதடைந்த கதவு வழியாகக் கடல்நீர் உள்ளே வர, பல குளங்கள் கழியின் கிளைகளாகவே மாறின. சிலவற்றில் அலையாத்தி முளைத்ததால், தூர்வாரப் போனால் உயர்நீதிமன்றத் தீர்ப்பு குறுக்கே நிற்கிறது. தூர்வாராவிட்டால் மழைக்காலத்தில் தெருவில் வெள்ளம் நிற்கிறது. மாநகராட்சியின் இந்தச் சங்கடத்தைப் போலிச் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

டிபிஎஸ் ஏரி

நெருலின் சீவுட்ஸ் பகுதியில், அருகிலுள்ள பள்ளியின் பெயரால் டிபிஎஸ் ஏரி என்று அழைக்கப்படும் 30 ஏக்கர் நீர்நிலை இந்தச் சிக்கலுக்கு உரைகல்லாக அமைந்தது. அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலர் குளிர்காலக் காலைகளில் பிள்ளைகளை அழைத்துப்போய்ப் பூநாரை காட்டும் இடம் அது. ஏரிக்கு ஊற்று ஏதும் இல்லை. கழியின் ஏற்றநீர் சில வாய்க்கால்கள் வழியே உள்ளே வந்து, வற்றும்போது ஓரளவு வெளியேறும். அந்த மாற்றமே நீரைத் தேங்கவிடாமல், பாசியை அளவோடு வளரவைத்து, ஆழத்தைப் பறவையின் முழங்காலுக்கு இசைவாக வைத்திருந்தது.

நெருலில் படகுத்துறை அமைக்கப்பட்டபோது அதற்கான அணுகுசாலை இந்த நீர்வழியின் குறுக்கே சென்றது; முதன்மையான வாய் அடைபட்டது. 2024இன் தொடக்க மாதங்களில் ஏரி வறண்டு, தேங்கிய பகுதிகளில் நீர் கெட்டது. வழக்கமான நேரத்துக்கு வந்த பறவைகள் நீரைக் காணாமல் அக்கம்பக்கத்துச் சாலைகளிலும் திறந்தவெளிகளிலும் இறங்கின. சில வண்டிகளில் அடிபட்டன. படகுத்துறையின் பெயர்ப்பலகையில் மோதியும் இறப்பு நேர்ந்தது. அந்தப் பலகை பின்னர் அகற்றப்பட்டது. குடியிருப்பாளர்களும் சூழலியல் ஆர்வலர்களும் தொடர்ந்து முறையிட்டதையடுத்து மாநில அரசு குழு ஒன்றை அமைத்தது. 2025இல் அந்த ஏரியைக் காப்பிடமாக அறிவிக்க மாநில அளவில் ஒப்புதல் கிடைத்தது.

இந்த நிகழ்வில் கவனிக்கவேண்டியது, எந்த ஒரு துறையும் தன் எல்லைக்குள் வெளிப்படையான விதிமீறல் எதையும் காணவில்லை என்பதே. ஏரி சரணாலயத்துக்குள் இல்லை. எனவே வனத்துறைக்கு நேரடி அதிகாரம் இல்லை. அங்கே வெட்டப்பட்ட அலையாத்தி பெரிதாக எதுவும் இல்லை. எனவே உயர்நீதிமன்றத் தீர்ப்பு தானாகச் செயல்படவில்லை. நிலம் நகரமைப்பு நிறுவனத்தின் பெயரில் இருந்ததால், அதன் பதிவேட்டில் அது வளர்ச்சிக்குரிய மனை. பறவை பயன்படுத்தியது நீர். அந்த நீர் வந்து போகும் உரிமை யாருடைய பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. ஒரு கழியில் வாய்க்காலின் அகலம் நிலத்தின் பரப்பைவிட முக்கியமானது என்பதை நம் நிலச்சட்டங்கள் இன்னும் உள்வாங்கவில்லை என்றே தோன்றுகிறது.

இதற்கு முன்பே ஒரு முன்னோட்டம் நிகழ்ந்தது. அருகிலுள்ள என்.ஆர்.ஐ. ஈரநிலத்தில் கோல்ஃப் மைதானமும் குடியிருப்பும் அமைக்கும் திட்டத்தை 2018 நவம்பரில் பாம்பே உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. உரணின் பஞ்சேயிலும், உள்ளே வரும் ஓதநீரைக் கட்டுப்படுத்தும் மதகுகள் அடைக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. ஆக டிபிஎஸ் ஏரியைத் தனித்த விபத்தாகப் பார்ப்பதற்கில்லை.

மே 20 இரவு

2024 மே 20 அன்று இரவு, மும்பை விமான நிலையத்தில் தரையிறங்க வந்துகொண்டிருந்த ஒரு பயணிகள் விமானம் காட்கோபர் கிழக்கின் மேல் பூநாரைக் கூட்டத்தின் மீது மோதியது. விமானம் சேதத்தோடு பத்திரமாக இறங்கியது. பந்த் நகர், லக்ஷ்மி நகர் பகுதிகளில் 39 பறவைகளின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன.

காரணம் குறித்துப் பல கருத்துகள் வந்தன. சரணாலயத்தின் ஊடாகச் செல்லும் மின்பாதைப் பணிகளால் பறவைகள் கலைந்தன என்றனர் சிலர். கரையோரத்தின் கடும் வெளிச்சத்தைச் சுட்டினர் வேறு சிலர். நெருலில் தங்கிடம் வறண்டதால் பறவைகள் புதுவழி தேடின என்ற விளக்கமும் முன்வைக்கப்பட்டது. மூன்றாவது விளக்கம் மற்ற இரண்டையும்விட எளிதில் மனத்தில் ஒட்டிக்கொள்வது. ஆனால் அந்தக் கூட்டம் எங்கிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தது என்று காட்டும் சான்று இல்லாமல் அதை முடிவாகச் சொல்வது முறையாகாது. மே மாதப் பிற்பகுதி, பூநாரைகள் குஜராத்துக்குத் திரும்பும் பருவமும்கூட. ஆய்வின் நோக்கில் இந்த நிகழ்வு காட்டுவது இதுதான்: ஒரு லட்சம் பறவைகள் இரவும் பகலும் ஓதத்துக்கேற்ப இடம் மாறும் நீர்ப்பரப்புக்கும் ஓடுபாதைக்கும் இடைப்பட்ட வான்வெளியை எந்தச் சரணாலய அறிவிப்பும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கரையில் குடியேறியவர்கள்

கழியைப் பற்றிய எழுத்துகளில் பறவைகளும் மரங்களும் வரும் அளவுக்கு, அதன் ஓரத்தில் குடியமர்த்தப்பட்ட மக்கள் வருவதில்லை. மும்பைத் தமிழருக்கு இந்தக் கழியோடு உள்ள உறவு இரயில் சன்னலோடு முடிந்துவிடுவதன்று.

பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் விரிவாக்கத் தேவைக்காக மாங்குர்டை அடுத்த ஜனதா காலனி 1976 மே 17 அன்று, நெருக்கடிநிலைக் காலத்தில், காலி செய்யப்பட்டது. தமிழர் பெரும் எண்ணிக்கையில் வாழ்ந்த குடியிருப்பு அது. ஏறத்தாழ 70,000 பேர் வெளியேற்றப்பட்டு, டிராம்பேயில் கழியை ஒட்டிய சதுப்பு நிலத்தில் சீட்டா கேம்ப் என்ற பெயரில் குடியமர்த்தப்பட்டனர். அந்த வெளியேற்றத்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். தேசிய குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பை உருவாக்கிய அவர் 2000இல் ராமோன் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் பெற்றார். யாரும் விரும்பாத சதுப்பில் யாரும் கேட்காத மக்களைக் கொண்டுபோய் வைப்பது என்ற நகர நிர்வாகத்தின் பழைய பழக்கத்துக்குச் சீட்டா கேம்ப் சான்றாக நிற்கிறது.

அதே பழக்கம் இப்போது தாராவி மறுசீரமைப்பில் மீண்டும் தலைகாட்டுகிறது. தகுதி வரம்புக்குள் வராத தாராவிக் குடும்பங்களுக்கு வாடகை வீடு கட்டுவதற்காக முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளின் உப்பள நிலத்தில் 255.9 ஏக்கரை ஒதுக்க 2024 செப்டம்பரில் மாநில அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அடுத்ததாகத் தேவ்னார் குப்பைக் கிடங்கின் ஒரு பகுதியும் பட்டியலில் சேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்து மூன்று, நான்கு தலைமுறையாகத் தாராவியில் வாழும் குடும்பங்களில் எத்தனை இந்த நிலங்களுக்குப் போக நேரிடும் என்பது அவர்களுக்கே தெளிவாகத் தெரியாத நிலை.

இதில் நியாயமாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. ஒதுக்கப்பட்ட உப்பளங்கள் கிழக்கு விரைவுச் சாலைக்கு மேற்கே இருப்பதாகவும், அங்கே கடல்நீர் வருவது நின்று உப்பு உற்பத்தி கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதாகவும் திட்டத் தரப்பு சொல்கிறது. பூநாரையின் தங்கிடமாக அந்த நிலம் இன்று இல்லை என்பதை ஏற்கலாம். ஆனால் கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பெருமழை பெய்தால் நகரத்தின் மழைநீர் கழிக்குள் இறங்க முடியாது. கடல் வற்றும்வரை அந்த நீர் எங்காவது நின்றாகவேண்டும். தாழ்ந்த உப்பளங்கள் இன்று அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றை மண்ணிட்டு உயர்த்தினால் நீர் பக்கத்துத் தாழ்வுகளைத் தேடும். அங்கேயும் வீடுகள் இருக்கின்றன. வீடா பறவையா என்று இந்த விவாதத்தைக் குறுக்குபவர்கள், தாழ்நிலத்தில் கட்டும் வீட்டுக்குள் முதலில் நுழையப்போவது எது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கழியின் மூத்த குடிகளான கோலி மீனவர்களின் நிலை வேறு. வற்றிய நேரத்தில் சேற்று வளைகளில் கைவிட்டு உளுவை மீனும் நண்டும் பிடிப்பதை இன்றும் பார்க்கலாம். வாஷியில் மூன்றாவது பாலம் கட்டப்பட்டபோது, பாதிக்கப்படும் மீனவர்களுக்கு இழப்பீட்டுக் கொள்கை வகுக்கவேண்டும் என்று பாம்பே உயர்நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டது. கழியில் புழங்குவதை உரிமையாகப் பார்த்த ஆணை என்பதால் அது இந்த ஆய்வுக்கு முக்கியமானது. ஓதநீரின் வழியை உரிமையாகப் பார்க்கும் ஆணை இன்னும் வரவில்லை.

ஒப்பிடத் தக்க இரு ஏற்பாடுகள்

கழியின் மேல் வரும் கட்டுமானங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது சரியன்று. மும்பை–அகமதாபாத் அதிவேக ரயிலின் 21 கிலோமீட்டர்ச் சுரங்கத்தில் 7 கிலோமீட்டர் இந்தக் கழியின் அடியில் செல்கிறது. செலவு கூடினாலும் சேற்றுவெளியையும் அலையாத்தியையும் தொடாமல் போக அடிவழி தேர்ந்தெடுக்கப்பட்டது. மறுபுறம், 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட 21.8 கிலோமீட்டர் அடல் சேது கடற்பாலத்தின் பணிகள் சிவ்ரிச் சேற்றுவெளியில் நடந்த ஆண்டுகளில் பறவைகள் அங்கே குறைந்து கழியின் உட்பகுதிக்கு நகர்ந்தன. சிவ்ரியிலிருந்து நகர்ந்த பறவைகளுக்குச் சரணாலயம் இடம் கொடுத்தது. சரணாலயத்திலிருந்து எழும் பறவைகளுக்கு இடம் கொடுக்கவேண்டியவை நெருலும் உரணும்.

தமிழ்நாட்டோடு ஒரு சிறு ஒப்பீடு பயன்படும். தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பெரும் பூநாரைச் சரணாலயம் 524.7 ஹெக்டேரில் அறிவிக்கப்பட்டது. கோடியக்கரையில் பூநாரைகள் சரணாலயத்துக்குள்ளும், அதை ஒட்டிய வேதாரண்யம் உப்பளங்களிலும் மாறிமாறி நிற்பதை அப்பகுதியினர் அறிவர். அங்கே உப்பளம் இயங்குவதால் பாத்தியில் நீர் இருக்கிறது. மும்பையில் உப்பளம் கைவிடப்பட்ட அன்றே அது மனைநிலமாகிவிடுகிறது.

செய்யவேண்டியவை

டிபிஎஸ் ஏரிக்குக் காப்பிடத் தகுதி வருவதால் மட்டும் நீர் வந்துவிடாது. அறிவிப்பின் உள்ளடக்கத்தில் மூன்று செய்திகள் எழுத்தில் இடம்பெறவேண்டும். உள்வரும் ஒவ்வொரு வாயின் அகலமும் அடிமட்ட உயரமும் அளந்து பதியப்படவேண்டும். அந்த வாய்களைப் பராமரிக்கும் பொறுப்பு ஒரே துறையிடம் இருக்கவேண்டும். நவம்பர் முதல் மே வரை கரையோர விளக்குகளின் வெளிச்சம் நீர்ப்பரப்பின் மேல் விழாதபடி கட்டுப்படுத்தப்படவேண்டும். பரப்பளவை மட்டும் குறித்து நிறுத்திக்கொள்ளும் அறிவிப்பு, வறண்ட 30 ஏக்கரையும் காப்பிடம் என்றே அழைக்கும்.

துணை ஈரநிலங்களாகப் பரிந்துரைக்கப்பட்ட ஆறு இடங்களுக்கும் இதே முறை பொருந்தும்; ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க முடியாது. நெருலின் இரண்டு ஈரநிலங்களையும் உரணின் பஞ்சேயையும் முன்னால் வைப்பது தக்கது என்று கருதுகிறேன். நவி மும்பை விமான நிலையம் 2025 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்டுவிட்டது. இந்தத் துணை ஈரநிலங்கள் அழிந்தால் பறவைகள் மாற்றிடம் தேடி ஓடுபாதைப் பக்கம் வரக்கூடும் என்று பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் முன்பே எச்சரித்திருந்தது. பறவைக்காகச் செய்ய மனமில்லாதவர்களும் பயணிகளுக்காகச் செய்தாகவேண்டிய வேலை இது. பஞ்சேயின் மதகுகளை எந்த அலுவலர், எந்த ஓத அட்டவணையைப் பார்த்து, எந்த நேரத்தில் திறந்து மூடுவார் என்பதை ஓர் ஆணையாக வெளியிடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.